பட்டாவின் ஆழம் எவ்வளவு?

தென்காசி மாவட்டத்தில் பெட்ரோலியம் கிடைக்க வழியில்லை. எண்ணெயும் எரிவாயுவும் படிவுப் பாறைகளில் தங்குபவை. குற்றால அருவிகள் விழும் மலையும் அதன் கிழக்கே ஆலங்குளம் வரை விரியும் சமவெளியும், பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இங்கே நிலத்துக்கு அடியில் இருக்கும் செல்வம் கல்தான். அதை உடைத்தால் ஜல்லி, அரைத்தால் எம்-சாண்ட். இரண்டுக்கும் தமிழ்நாட்டிலும் தேவை இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் தேவை இருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் போன்ற இடங்களில் எண்ணெய் நிறுவனத்தின் ஆள் குத்தகைப் பத்திரத்தோடு விவசாயி வீட்டுக்கு வரும்போது என்னென்ன கேள்விகள் எழுமோ, அவை அத்தனையும் தென்காசியில் கல்லை முன்னிட்டு எழுகின்றன. அடியில் இருப்பது யாருடையது? எத்தனை ஆண்டுக்கு எழுதிக் கொடுக்கலாம்? எடுத்த அளவை யார் கணக்குப் பார்ப்பது? பக்கத்து நிலத்துக் கிணறு வற்றினால் யார் பொறுப்பு? எடுத்து முடித்த பின் எஞ்சும் பள்ளம் யார் தலையில் விழும்?

காவிரிப் படுகை விவசாயிக்குத் தன் வயலுக்கு அடியில் உள்ள எண்ணெயில் சட்டப்படி எந்தப் பங்கும் இல்லை. தென்காசிப் பட்டாதாரருக்குத் தன் நிலத்துக் கல்லில் பொதுவாக உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையை அவர் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்துகிறார்; சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அன்று. அதற்குப் பிறகு உரிமை ஓரிடத்திலும் அதிகாரம் வேறோரிடத்திலும் நிற்கின்றன. இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது, அதைக் குறைக்க வழி உண்டா என்பதைப் பார்க்கலாம்.

மூன்று ஆட்சிகள் விட்டுச்சென்ற மண்

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. வயதில் இளைய மாவட்டம்தான், ஆனால் அதன் நில உடைமைக்கு மூன்று வேர்கள் உண்டு.

முதலாவது, ஆங்கிலேயர் நேரடியாக வரி வசூலித்த ரயத்துவாரி நிலம். சென்னை மாகாண வருவாய் வாரியத்தின் நிலையாணைகள், விவசாயத்துக்காக ரயத்துவாரிப் பட்டாவில் அனுபவிக்கப்படும் நிலத்தில் எடுக்கப்படும் கனிமத்தின் விளைவில் அரசுக்கு ஒரு பங்கு உண்டு என்றன. அந்தப் பங்கைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். கனிமம் முழுவதும் தனதே என்று அரசு அங்கே சொல்லவில்லை. இன்று குவாரிக்காரர் கட்டும் ‘சீனியரேஜ்’ இந்தப் பழைய பங்கின் வழிவந்ததுதான்.

இரண்டாவது, ஊத்துமலை, சிவகிரி போன்ற ஜமீன்களின் நிலம். 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டமான சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், ஜமீனை அரசுடைமையாக்கியபோது காடு, குளம், மீன்பிடி என்று நீளும் பட்டியலில் கனிமங்களையும் குவாரிகளையும் பெயர் சொல்லியே சேர்த்தது. பிறகு உழுதவர்களுக்கு ரயத்துவாரிப் பட்டா வழங்கப்பட்டது. அந்தப் பட்டாவோடு கல்லும் திரும்பி வந்ததா என்பது இன்றும் வாதத்துக்கு இடமுள்ள கேள்வி.

மூன்றாவது, செங்கோட்டை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை அது திருவிதாங்கூருக்கும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்கும் உட்பட்டிருந்தது. 1865-ஆம் ஆண்டின் பண்டாரப் பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்துக் குத்தகையாளர்களை உடைமையாளர்களாக்கியது. சென்னை வருவாய் வாரியத்தின் நிலையாணைகளுக்கு அந்த மண்ணில் வேலையே இருக்கவில்லை.

ஆக, ஒரே மாவட்டத்தில் ஒரே மாதிரித் தாளில் அச்சான மூன்று பட்டாக்களுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு வரலாறுகள் இருக்கலாம். கனிமவள அலுவலக நடைமுறை இவற்றைப் பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. பட்டாவா, உடைமையாளர் சம்மதம் இருக்கிறதா, சீனியரேஜ் கட்டுகிறாரா என்பதோடு அது நின்றுவிடுகிறது. வழக்கு என்று வந்தால்தான் பழைய ஆவணங்கள் தூசி தட்டப்படுகின்றன.

கல்லுக்கு ஒரு சட்டம், எண்ணெய்க்கு ஒரு சட்டம்

அப்படி ஆவணங்களைத் தூசி தட்டிய முக்கியமான வழக்கு மலபாரிலிருந்து வந்தது. ஜென்மம் எனப்படும் முழு உடைமை நிலத்தில் கல் எடுத்தவர்களிடம் கேரள அரசு ராயல்டி கேட்டது. திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் 2013 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. நிலத்தடிக் கனிமம் எல்லாமே அரசுக்குச் சொந்தம் என்று அறிவிக்கும் சட்டம் நாட்டில் இல்லை. முறையான சட்ட நடவடிக்கையால் பறிக்கப்படாத வரை மண்ணின் உடைமையோடு அடிமண்ணின் உடைமையும் சேர்ந்தே போகும் என்பது அதன் சாரம்.

கனிமம் தன்னுடையது என்றால் உடைமையாளர் இஷ்டம்போலத் தோண்டலாமா? முடியாது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் உடைமையைத் தொடவில்லை, தோண்டும் செயலைக் கட்டுப்படுத்துகிறது. கட்டடக் கல், சரளை, சாதாரண மண், மணல் ஆகியவை அதில் சிறு கனிமங்கள். அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை அதன் 15-ஆவது பிரிவு மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959 அந்த அதிகாரத்தின் கீழ்தான் நடைமுறையில் இருக்கின்றன. எனவே பட்டாதாரர், தன் பொருளை எடுக்க அனுமதி கேட்டு வரிசையில் நிற்கும் உடைமையாளர்.

எண்ணெய்க்கு இந்த வரிசையே கிடையாது. 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டமும் அதன் கீழ் வரும் பெட்ரோலிய விதிகளும் உரிமம், குத்தகை, ராயல்டி எல்லாவற்றையும் அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே முடித்துவிடுகின்றன. டெல்டா விவசாயிக்கு மிஞ்சுவது மேல்மண்ணுக்கான வாடகையும் பயிர் இழப்பீடும்தான். வயலுக்குள் குழாய் பதித்தால் 1962-ஆம் ஆண்டின் சட்டப்படி, இழப்பீட்டோடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் பயன்பாட்டு உரிமைத் தொகையாகக் கிடைக்கும். குழாயில் எவ்வளவு எண்ணெய் ஓடினாலும் அந்தத் தொகை மாறாது.

உரிமை இல்லாத அந்த விவசாயிகள்தான் 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்துக் கூட்டமாகத் திரண்டார்கள். 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது நிறுத்தவில்லை, புதியவற்றுக்குத் தடை போட்டது. உரிமை உள்ள தென்காசியில் அப்படி ஒரு பொது ஏற்பாடு உருவாகவில்லை. ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியே பேரம் பேசுகிறார், தனித்தனியே கையெழுத்துப் போடுகிறார்.

ஒரு ஏக்கரில் எத்தனை கல்?

தனித்தனியே பேரம் பேசுவது ஏன் பலவீனம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

சரியான சதுரமாக ஒரு ஏக்கர் பாறை நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் சுமார் 63.6 மீட்டர். பக்கத்துப் பட்டா நிலத்திலிருந்து 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்பது அனுமதியின் வழக்கமான நிபந்தனை. நான்கு பக்கமும் விட்டால் தோண்டக்கூடிய சதுரத்தின் பக்கம் 48.6 மீட்டராகச் சுருங்கும். பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் அங்கேயே போயிற்று. அடுத்து, பாறையைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டே இறங்கக் கூடாது. படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். சுரங்கத் திட்டங்களில் பொதுவாக 5 மீட்டர் உயரமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட படிகளைக் காட்டுவார்கள். நான்கு படி, அதாவது 20 மீட்டர் ஆழம் இறங்கினால் கிடைக்கும் கல் சுமார் 25,000 கன மீட்டர். எல்லை வரை நேராக வெட்டினால் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 81,000 கன மீட்டர். விதிப்படி எடுத்தால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

இப்போது பத்து ஏக்கர் ஒரே சதுரமாக இருந்தால்? அதே இடைவெளி, அதே படிகள், அதே ஆழம். கல் சுமார் 5.88 லட்சம் கன மீட்டர். தனித்தனியான பத்து ஒற்றை ஏக்கர்களில் மொத்தம் 2.5 லட்சம்தான் வரும். சேர்ந்திருக்கும் நிலத்துக்கு இரண்டே கால் மடங்குக்கு மேல் மதிப்பு.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. முதலாவது, சிறு பட்டாதாரருக்குப் பேரம் பேசும் பலம் ஏன் இல்லை என்பது. அவருடைய ஒரு ஏக்கர் தனியாக நின்றால் குவாரிக்காரருக்கு அது அவ்வளவு பெரிய பண்டம் இல்லை. சுற்றியுள்ள சர்வே எண்களை வாங்கிவிட்டவருக்கோ அதே ஒரு ஏக்கர் மிகவும் வேண்டிய துண்டு. அந்த உயர்ந்த மதிப்பு நிலத்தைச் சேர்த்தவர் கைக்குப் போகிறது. நிலம் வைத்திருந்தவர் கைக்கு வருவதில்லை. இரண்டாவது, எல்லை மீறல் ஏன் இவ்வளவு பரவலாக நடக்கிறது என்பது. சிறு நிலத்தில், சட்டம் விடச் சொல்லும் ஓரத்திலும் படிகளிலும்தான் கல்லின் பெரும்பகுதி இருக்கிறது. படியை விட்டு நேராக வெட்டினால் கூடுதலாகக் கிடைக்கும். பாறைச் சுவர் நிற்கிற வரைக்கும்.

சுவர் நிற்காத இரவு ஒன்று 2022 மே 14 அன்று வந்தது. திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறைகள் சரிந்து தொழிலாளர்கள் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த மாவட்டக் குவாரிகளில் ஆய்வு நடந்தது, விதிமீறல்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

சம்மதப் பத்திரம்

குவாரி விண்ணப்பத்தோடு சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று எல்லாம் போகும். நிலம் விண்ணப்பதாரர் பெயரில் இல்லையென்றால் உடைமையாளரின் சம்மதப் பத்திரமும் போகும். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் வளைகுடாவில் இருப்பார். பவர் பத்திரம் எழுதி, ஊரில் இருக்கும் ஒருவரே எல்லார் சார்பிலும் முடித்துவிடுவது வழக்கம். பணம் மொத்தமாகக் கைமாறும், அல்லது லோடுக்கு இவ்வளவு என்று பேச்சு முடியும்.

டெக்சாஸ் குத்தகையோடு ஒப்பிட்டால் இதில் என்ன குறைகிறது என்று தெரியும். அங்கே கையெழுத்துக்கு ஒரு முன்தொகை, எடுக்கும் எண்ணெயில் ஒரு பின்னப் பங்கு என்று இரண்டு வருமானம். அந்தப் பங்கு பழைய நாளில் எட்டில் ஒன்று. இன்று ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று வரைக்கும் கேட்டு வாங்குகிறார்கள். குறித்த காலத்துக்குள் தோண்டி உற்பத்தியைத் தொடங்காவிட்டால் குத்தகை தானாக முடிந்துவிடும். பல சிறு நிலங்களை ஒரே அலகாகச் சேர்த்தால், பரப்புக்கு ஏற்பப் பங்கு பிரியும். இவையெல்லாம் நிறுவனங்களின் தாராளத்தால் வந்தவை அல்ல. நூறாண்டு வழக்குகளாலும், உடைமையாளர்கள் அமைத்துக்கொண்ட சங்கங்களாலும் படிந்த பழக்கம். அங்கேயும் ஏமாந்தவர்கள் உண்டு. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்ற பட்டியலாவது ஊரறிந்த விஷயமாக இருக்கிறது.

இங்கே லோடுக் கணக்கு யாரிடம் இருக்கிறது? குவாரியை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு லாரிக்கும் நடைச்சீட்டு வேண்டும். அதில் வண்டி எண், அளவு, தேதி, போகும் இடம் எல்லாம் பதிவாகும். சீட்டில் வராத லோடு அரசுக்குச் சீனியரேஜ் இழப்பு. லோடுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்த பட்டாதாரருக்கும் அதே லோடு இழப்புதான். அரசின் நலனும் நில உடைமையாளரின் நலனும் இந்த ஒரு புள்ளியில் முழுக்க ஒன்றாகின்றன. குவாரிக்கு மிக அருகில் இருக்கும், கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில் சொந்த அக்கறை கொண்ட ஒரே ஆள் பட்டாதாரர். ஆனால் நடைமுறையில் அவர் கையில் சீட்டின் நகல் வருவதில்லை. மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்கியவருக்கு அந்த அக்கறையும் போய்விடுகிறது.

அவரைப் பள்ளம் மட்டும் விடுவதில்லை. குத்தகைக் காலம் முடிந்து கிரஷர்காரர் இடத்தைக் காலி செய்த பின், பட்டாவில் இருக்கும் பெயர் பழைய பெயர்தான். வேலி யார் போடுவது, தேங்கிய தண்ணீரில் பிள்ளைகள் இறங்காமல் யார் பார்ப்பது, அளவுக்கு மீறித் தோண்டியதற்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விகள் அந்தப் பெயரைத் தேடி வரும்.

வேலிக்கு அப்பால்

கடினப்பாறை நிலத்தில் நிலத்தடி நீர் ஏரிபோலத் தேங்கி நிற்பதில்லை. மேலே சிதைந்த மண்ணும் பாறையுமான ஓர் அடுக்கு, அதற்குக் கீழே வெடிப்புகளின் வலை. நீர் இவற்றில்தான் ஓடுகிறது. அந்த வெடிப்பை ஒரு குவாரி வெட்டித் திறந்தால், சுற்றியுள்ள கிணறுகளுக்குப் போக வேண்டிய நீர் பள்ளத்துக்குத் திரும்பலாம். வேலை நடக்க அதை மோட்டார் வைத்து வெளியே இறைப்பார்கள். இது ஒவ்வொரு குவாரியிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது, வெடிப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைப் பொறுத்தது. ஆகவேதான் தோண்டுமுன் சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பதிவு செய்வது முக்கியம். அந்த முதல் அளவு இல்லையென்றால் பிறகு பக்கத்து விவசாயி சொல்லும் புகாருக்கு ஆதாரமே இராது.

அந்தப் பக்கத்து விவசாயிக்குச் சட்டத்தில் இடம் குறுகியது. 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமானது. 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து அமைந்த குவாரிகளை ஒரு தொகுப்பாகக் கொண்டு, மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் தாக்க மதிப்பீடும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் வேண்டும். நிலமில்லாதவரும் எழுந்து நின்று பேசக்கூடிய முறையான மேடை அது.

மலையடிவாரம் என்பதால் தென்காசிக்கு இன்னொரு எல்லையும் உண்டு. காப்புக்காடுகள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் தமிழக அரசு விதியில் சேர்த்தது. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காடுகளை எடுத்துவிட்டது. ஒரு சொல் சேர்ந்தபோது பட்டாவின் கனிம மதிப்பு போயிற்று, நீங்கியபோது திரும்பி வந்தது. இதில் பட்டாதாரரையும் யாரும் கேட்கவில்லை, காட்டோரத்துக் கிராமத்தையும் கேட்கவில்லை.

பட்டா என்பது எதற்கும் அனுமதி ஆகிவிடாது என்பதைக் குற்றாலம் வேறொரு வகையில் அறிந்திருக்கிறது. இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பித் தங்கள் வளாகத்தில் செயற்கை அருவி உண்டாக்கிய தனியார் விடுதிகள்மீது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. நிலம் தனியாருடையது, அதன் வழியே ஓடும் நீர் அப்படியல்ல. கல்லை எடுக்கும்போது கலையும் நீரோட்டத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

வரியின் நீண்ட கதை

எடுத்த கல்லில் அரசு எவ்வளவு கேட்கலாம் என்ற வழக்குக்கும் நெல்லைச் சீமைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தாழையூத்தில் ஆலை நடத்திய இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்தின் சுண்ணாம்புக்கல் குத்தகையில், ராயல்டியின் மேல் பஞ்சாயத்துச் சட்டப்படி மேல்வரி கேட்டது தமிழ்நாடு அரசு. 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ராயல்டியே ஒரு வரி, அதன்மேல் மாநிலம் வரி போட முடியாது என்றது. 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. ராயல்டி வரி அல்ல. கனிம உரிமைக்கு வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு.

அதே ஆண்டு தமிழ்நாடு கனிமம் உள்ள நிலங்களுக்கான வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்ததும் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு பேச்சு நடத்திக் கட்டணத்தில் சலுகை தந்தது. அந்தப் பேச்சில் குவாரி உரிமையாளர்கள் சங்கமாக உட்கார்ந்தார்கள். நிலத்துக்கு விதிக்கும் வரியைப் பற்றிய பேச்சுதான், ஆனால் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை, ஏனென்றால் அவர்களுக்குச் சங்கம் இல்லை.

செய்யக்கூடியவை

செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகளின் வரிசையைக் கண்டு, கனிமம் கேரளத்துக்குப் போவதை நிறுத்த வேண்டும் என்று கட்சிகளும் அமைப்புகளும் போராடி வருகின்றன. சாலை நாசமாகிறது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுகிறார்கள் என்ற புகார்கள் நியாயமானவை. ஆனால் லாரி எந்த ஊருக்குப் போகிறது என்பது கடைசிக் கேள்வி. கல் எந்த நிபந்தனையில் நிலத்தை விட்டுக் கிளம்பியது என்பதே முதல் கேள்வி. உள்ளூர் வீட்டுக்குப் போகும் கல்லும் அதே பள்ளத்தைத்தான் விட்டுச்செல்கிறது.

எனவே மாற்றம் சம்மதப் பத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும். சுரங்கத் திட்டத்தில் உள்ள ஆழம், படிகள், ஓர இடைவெளி ஆகியவற்றைப் பத்திரத்திலேயே எழுதி, மீறினால் சம்மதம் ரத்து என்று சேர்க்கலாம். தொகையை நடைச்சீட்டின் டன் கணக்கோடு கட்டி, சீட்டுப் பதிவைப் பார்க்கும் உரிமையையும் கேட்கலாம். வேலி, பள்ளத்தின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான செலவை முன்வைப்பாக இருவர் பெயரிலும் வங்கியில் போடச் சொல்லலாம். இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை, ஒப்பந்தச் சட்டமே போதும்.

அடுத்தது, அடுத்தடுத்த சர்வே எண்காரர்கள் ஒன்றாக உட்கார்வது. மேலே போட்ட பத்து ஏக்கர் கணக்கு அவர்களுக்குத்தான் பயன்பட வேண்டும். நிலத்தைச் சேர்ப்பதால் வரும் கூடுதல் மதிப்பைத் தாங்களே பரப்புக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் சேர்ந்தே எடுக்கலாம். ஒரு துண்டு போனால் அடுத்த துண்டு தானாக வரும் என்ற கணக்கு அப்போது செல்லாது.

மூன்றாவது, அக்கம்பக்கத்தார். அனுமதி கேட்கும்போதே சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டம், வீடுகளின் சுவர் நிலை ஆகியவற்றைப் பதிவு செய்து, தமிழில், கிராம சபையில் வைக்க வேண்டும். குவாரிகளிடமிருந்து மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போகும் பணம் முதலில் செலவாக வேண்டிய இடம் இந்தக் கிராமங்கள்தான் என்று கேட்கும் ஆதாரமும் அப்போது அவர்கள் கையில் இருக்கும்.

டெல்டாவில் உடைமை இல்லாதவர்கள் ஒன்றுகூடி ஒரு மண்டலத்துக்கே பாதுகாப்பு வாங்கினார்கள். தென்காசியில் உடைமை இருப்பவர்கள் தனித்தனியே நிற்பதால் அந்த உடைமை ஒரு கையெழுத்தின் விலைக்குச் சுருங்குகிறது. 2013-இன் தீர்ப்பு, முறையாகப் பறிக்கப்படாத பட்டாவின் ஆழத்தைச் சட்டத்தில் உறுதிசெய்துவிட்டது. பத்திரத்தில் அந்த ஆழம் எத்தனை மீட்டர், எத்தனை டன், எத்தனை ஆண்டு என்று எழுதுவது நில உடைமையாளர்களின் வேலை. அதை அவர்கள் எழுதாவிட்டால், எழுதிக் கொண்டுவருபவர் தனக்கு வேண்டியபடிதான் எழுதுவார்.